கற்பனையில் எழுந்த புயல்கள்: இரும்புக் காற்று

சென்ற பகுதியில் பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட 'டியூன்' நாவலின் மணற்புயலைப் பற்றிப் பேசினோம். மணிக்கு 700 கிலோமீட்டர் வேகம் வரை எட்டி, எதிர்ப்பட்ட உயிரின் தசையை எலும்பிலிருந்து அராவிக் களைந்துவிடும் அந்தப் புயல் எவ்வளவுதான் கொடியதாயினும் அது பிரகிருதியின் குழந்தையே என்பதையும், தடையற்ற சமவெளியும் கிரகத்தின் சுழற்சியும் சேர்ந்தே அதற்கு வலிமை ஊட்டுகின்றன என்பதையும், 1957-இல் ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையில் புல் நட்டு மணற்குன்றுகளை நிலைநிறுத்த அமெரிக்க விவசாய இலாகா செய்த முயற்சியைப் பார்க்கப் போனபோதுதான் அந்நாவலின் வித்து ஆசிரியர் மனத்தில் விழுந்தது என்பதையும் கண்டோம். இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் புயல் வேறு இனத்தைச் சேர்ந்தது. காற்றைப் போல வீசினும் அது காற்றன்று. மேகத்தைப் போலத் திரண்டு வரினும் அதில் நீர்த்துளி கிடையாது. அதைக் கண்டோர் பேயின் சேஷ்டை என்றே அஞ்சுவர் எனினும் அதில் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை.

இன்றிலிருந்து 100 கோடி ஆண்டுகள் கழிந்தபின் நம் பூமி எவ்வாறிருக்கும் என்னும் வினாவுக்கு விடையாக, மான்ட்டி குக் என்ற அமெரிக்கர் 2013-இல் 'நியூமெனரா' என்னும் நூலை வெளியிட்டார். நூல் என்றேனே தவிர, இது நாவலன்று. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் அக்கதையை வளர்த்துக்கொண்டு போகும் ஒருவகை ஆட்டத்துக்குரிய விதிகளும் உலக வர்ணனையும் அதில் அடங்கியுள்ளன. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தின் 2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பை உருவாக்கிய மூவருள் ஒருவரான குக், 2012-இல் தம்முடைய புதிய முயற்சிக்காக வாசகர்களிடம் இணையத்தின் வழியாகக் கேட்டது 20,000 டாலர். வந்து சேர்ந்ததோ 5 லட்சம் டாலருக்கும் மேல். ஓர் ஆட்டத்தின் விதிநூலுக்கு வரலாற்றுத் தொடரில் என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். ஒரு காலத்து மனிதர் எதற்கு அஞ்சினர் என்பதை அறிய அவர்களுடைய அரசாங்கப் பத்திரங்களைக் காட்டிலும் அவர்கள் ஓய்வு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளே சிறந்த சாட்சி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்த எதிர்காலப் பூமியில் எட்டு மகத்தான நாகரிகங்கள் தோன்றி, வான்மீன்களை எட்டுமளவு வளர்ந்து, ஏனென்று எவருக்கும் தெரியாமலே மறைந்துவிட்டன. அவற்றுள் எல்லாம் மனித நாகரிகங்கள் என்றும் சொல்வதற்கில்லை. அவற்றுக்குப் பின் வந்த மக்கள், தாங்கள் வாழும் காலத்தை ஒன்பதாம் உலகம் என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு மன்னரும் உண்டு, குடியானவரும் உண்டு. வாளும் கேடயமும் உண்டு. இன்ன பொருள் இன்ன காரணத்தால் இயங்குகிறது என்னும் அறிவு மட்டும் இல்லை. அவர்கள் உழும் மண்ணேகூட, முந்தையோர் செய்த எத்தனையோ பொருள்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரைபட்டு நொறுங்கிய துகள்தான். அந்த மண்ணிலிருந்து ஒரு குழந்தை பொறுக்கியெடுக்கும் சில்லு, விளக்காக எரியவும் கூடும், வீட்டை எரிக்கவும் கூடும். இப்படிப்பட்ட உலகத்தின் வானத்தில்தான் இரும்புக் காற்று வீசுகிறது.

மரத்தை வேரோடு சாய்ப்பது சாதாரணப் புயலின் தொழில். இரும்புக் காற்றோ மரத்தை மரமாக விட்டுவைப்பதில்லை. அது கடந்து சென்ற வழியில் பாறை தசையாகிறது, தசை கண்ணாடியாகிறது, மனிதனும் சுவரும் ஒன்றோடொன்று கலந்து எவ்வினத்தையும் சேராத ஒரு விபரீத வஸ்துவாக எஞ்சுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய யந்திரங்கள் எண்ணற்றவை ஒன்றுகூடி அக்காற்றாக வீசுகின்றன. பொருள்களின் அணுக்களைப் பிரித்து வேறு விதமாகக் கோக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அவ்வாற்றலை இன்ன காரியத்துக்கு என்று ஏவிய கை மறைந்து கல்பகோடி காலமாயிற்று. குக்கின் கற்பனையில் மிகவும் நுட்பமானது என்று நான் கருதுவது ஒன்றுண்டு. அவ்வுலகத்து மந்திரவாதிகளுக்கு 'நானோ' என்று பெயர். அவர்கள் கை அசைத்து நெருப்பை வரவழைப்பதும், தொலைவிலிருந்தே பொருளைப் பெயர்ப்பதும் காற்றில் நிறைந்துள்ள இதே வகை நுண் யந்திரங்களைக் கொண்டுதான். ஆகவே, மந்திரவாதியின் சக்தியும் புயலின் சக்தியும் ஒரே மூலத்தினின்று பிறந்தவை. ஒன்று ஒருவனுக்கு அரைகுறையாகவேனும் கீழ்ப்படிகிறது, மற்றொன்று எவனுக்கும் கீழ்ப்படிவதில்லை. வளர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் யந்திர வித்தைக்கும் மந்திரத்துக்கும் காண்பவனால் வேற்றுமை கூற இயலாது என்று, 1956 முதல் 2008-இல் காலமாகும் வரை இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்த ஆர்தர் கிளார்க் சொன்ன கருத்தின் இருண்ட பக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கற்பனை வேறொன்றை நான் அறியேன்.

இக்கற்பனை வானத்திலிருந்து குதித்ததன்று. சூரியன் அவிந்துபோன பூமியில் மனிதகுலத்தின் எச்சம் ஒரு பிரம்மாண்டமான உலோகப் பிரமிடுக்குள் ஒடுங்கி வாழ்வதாக வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1912-இல் எழுதினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் முதலாம் உலகப்போரில் குண்டுபட்டு அவர் மாண்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வணிகக் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்துக்கொண்டே ஜாக் வான்ஸ் எழுதிய கதைகள் 1950-இல் நூலாக வந்தபோது, அந்திமக் காலத்துப் பூமியில் விஞ்ஞானமே மறந்து மந்திரமாகிவிடும் என்னும் எண்ணம் இலக்கியத்தில் வேர்கொண்டது. 1980 முதல் 1983 வரை நான்கு பாகங்களாக ஜீன் வுல்ஃப் வெளியிட்ட நெடுங்கதை அவ்வேரிலிருந்து எழுந்த பெருமரம். இவர்களிடமிருந்து குக் பெற்றது அந்த அந்திப்பொழுதின் சூழல். புயலுக்கு மூலம் இவர்களிடம் இல்லை. அதற்கு நாம் போலந்து நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

ஸ்டானிஸ்லாவ் லெம் 1921-இல் லவோவ் நகரத்தில் ஒரு யூத வைத்தியரின் மகனாகப் பிறந்தவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மோட்டார் பழுதுபார்ப்பவராகவும் உலோகம் பற்றவைப்பவராகவும் வேலை செய்து உயிர் தப்பினார். போருக்குப் பின் கிராக்கோவில் குடியேறி, தம் வைத்தியக் கல்வியைத் தொடர்ந்தார். கிரீஸும் இரும்பும் கைகளுக்குப் பழக்கமானவர், உடற்கூற்றைக் கற்றவர், தாம் வளர்ந்த நகரமே கண்ணெதிரில் அழிவதைப் பார்த்தவர் என்ற மூன்றும் ஒருவரிடத்தே சேர்ந்ததனால்தானோ என்னவோ, 1964-இல் அவர் வெளியிட்ட 'வெல்லற்கரியது' என்னும் பொருள்படும் நாவல், யந்திரத்தைப் பற்றி அதுவரை எவரும் எண்ணத் துணியாத ஒன்றை எண்ணியது.

வெல்லற்கரியது என்பது அந்நாவலில் வரும் விண்கப்பலின் பெயர். தனக்கு முன் சென்று மறைந்துபோன 'காண்டர்' என்னும் சகோதரக் கப்பலைத் தேடி அது ரெஜிஸ் மூன்று என்னும் கிரகத்தில் இறங்குகிறது. கிரகத்தின் கடலில் மீன்கள் உண்டு. கரையிலோ ஒரு புழு பூச்சிகூடக் கிடையாது. காண்டர் நின்ற இடத்தில் நிற்கிறது; உணவும் நீரும் ஆயுதங்களும் குறைவின்றி இருக்கின்றன; ஆனால் மாலுமிகள் அனைவரும் இறந்து கிடக்கிறார்கள். அறைகளில் பைத்தியம் பிடித்தவர் வாழ்ந்தாற்போன்ற அலங்கோலம். சோப்புக் கட்டிகளில் பற்கள் பதிந்த தடம். தேர்ந்த அறிவாளிகளாகிய அம்மாலுமிகள் சோப்பைக் கடித்துத் தின்னப் பார்த்திருக்கிறார்கள் என்னும் அந்த ஒரு விவரத்தைப் போல மனத்தை உலுக்குவது அந்நாவலில் வேறொன்றும் இல்லை. பேரிரைச்சலோடு அணுச்சக்திப் போர் நிகழும் அத்தியாயங்கள்கூட அதற்கு ஈடாகா.

காரணம் மெல்ல மெல்லப் புலனாகிறது. மலைப்பள்ளத்தாக்குகளிலிருந்து ஒரு கரிய மேகம் எழுகிறது. ஈசற்கூட்டம் போலத் தோன்றும் அம்மேகத்தில் பறப்பவை உயிர்களல்ல. விரல் நகத்தளவும் இல்லாத உலோகத் துண்டுகள். தனியே ஒன்றைப் பிடித்து ஆராய்ந்தால் அதற்கு அறிவென்று ஒன்றும் இல்லை. ஆபத்து நெருங்கும்போது கோடிக்கணக்கில் ஒன்றுகூடினால் அக்கூட்டமே ஒரு மூளையைப் போலச் செயற்படுகிறது. அது மனிதனைக் கிழிப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. வலிமை மிக்க காந்தப்புலம் ஒன்றை அவன் தலையைச் சுற்றி எழுப்பி, ஞாபகம் அனைத்தையும் துடைத்துவிடுகிறது. பேச்சும் நடையும் மறந்து, பசித்தால் எதை உண்பது என்பதையும் மறந்து, பிறந்த சிசுவின் நிலைக்கு அவன் திரும்பிவிடுகிறான்.

இதற்கு லௌடா என்னும் உயிரியல் அறிஞன் கூறும் விளக்கத்தில்தான் லெம்மின் மேதை முழுவதும் வெளிப்படுகிறது. மிக நெடுங்காலத்துக்கு முன் வேறொரு நட்சத்திர மண்டலத்து விண்கப்பல் இங்கே இறங்கியிருக்க வேண்டும். அதில் வந்தோர் மாண்டனர், அவர்களுடைய யந்திரங்கள் மிஞ்சின. தம்மைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளவும் பெருக்கிக்கொள்ளவும் தெரிந்த அந்த யந்திரங்கள் கரையிலிருந்த உயிர்களோடும் தமக்குள்ளும் போரிட்டன. அப்போரில் டார்வின் உயிர்களுக்குச் சொன்ன நியதி ஜடத்துக்கும் பொருந்திற்று. வென்றவை எவை? அறிவு மிகுந்த பெரிய யந்திரங்களா? இல்லை. அவற்றுக்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும், உறுப்புகள் மிகுதியாக வேண்டும். சூரிய ஒளியை உண்டு, தேவையில்லாதபோது கலைந்து கிடக்கும் சின்னஞ்சிறு துண்டுகளே வென்றன. பரிணாமத்தின் பாதை அறிவை நோக்கியே செல்லும் என்று நாம் கொண்டிருக்கும் இனிய நம்பிக்கையை இவ்வளவு அமைதியாகத் தகர்த்தவர் வேறெவரும் இல்லை.

அந்த மேகத்தை எதிர்க்கக் கப்பல்தலைவன் ஹோர்ப்பாக், சைக்ளாப்ஸ் என்னும் மாபெரும் போர்யந்திரத்தை அனுப்புகிறான். பெரும்போர் நிகழ்கிறது, மலைகள் உருகுகின்றன, மேகம் தளரவில்லை, கடைசியில் சைக்ளாப்ஸின் யந்திர மூளையே கெட்டு அது தன்னவர்மீது திரும்பிவர, அனுப்பியவனே அதை அழிக்க நேர்கிறது. நாவலின் உச்சம் இதுவன்று. காணாமற்போன நால்வரைத் தேடிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியான ரோஹன் தனியே, ஆயுத பலத்தை நம்பாமல், நடந்தே செல்கிறானே, அதுதான். மூளை துடைக்கப்பட்டவனைப் போலத் தன்னைக் காட்டும் ஒரு சிறு கருவியைத் தலைமயிருக்குள் மறைத்துக்கொண்டு அவன் மேகத்தின் நடுவே நிற்கும்போது, அது அவனுடைய உருவத்தையே வானத்தில் பிரம்மாண்டமாக எழுதிக் காட்டுகிறது. தீங்கு எதுவும் செய்யவில்லை. அண்டத்திலுள்ள யாவும் நமக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்னும் உணர்வோடு அவன் திரும்புகிறான். புயலை வென்று வாகை சூடிய வீரர் கதைகள் எத்தனையோ உண்டு. வெல்ல வேண்டியதில்லை, விட்டுவிடலாம் என்று ஒரு வீரனை முடிவுசெய்ய வைத்த கதை இது. இந்நாவல் 1973-இல் ஆங்கிலத்தில் வந்தபோது ஜெர்மன் பெயர்ப்பிலிருந்தே பெயர்க்கப்பட்டு வந்தது. மூலத்தின் கட்டிறுக்கம் பல காலம் ஆங்கில வாசகருக்குக் கிட்டாமலே போனது வருந்தத்தக்கது.

லெம்முக்கு முன்னரே விஞ்ஞானிகள் இவ்வழியில் நடந்திருந்தனர். தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் யந்திரம் தர்க்கரீதியாகச் சாத்தியமே என்று ஜான் வான் நியூமன் 1948 முதலே சொற்பொழிவாற்றி வந்தார். 1957-இல் அவர் மறைந்தபின், 1966-இல், அந்த ஆராய்ச்சி நூலாயிற்று. 1959 டிசம்பர் 29-ஆம் தேதி கலிபோர்னியாவில் பௌதிக விஞ்ஞானிகள் கூடிய சபையில் ரிச்சர்டு ஃபைன்மன் பேசுகையில், அணுக்களை நம் விருப்பப்படி அடுக்கித் தருவதைத் தடுக்கும் பௌதிக நியதி எதையும் தாம் காணவில்லை என்றார். அவ்விரண்டையும் இணைத்து 1986-இல் எரிக் டிரெக்ஸ்லர் எழுதிய நூல்தான் இரும்புக் காற்றுக்கு நேரடியான பிதா. அணுக்களைக் கோத்துப் பொருள் செய்யும் நுண் யந்திரங்கள் நோய் தீர்க்கும், வறுமை போக்கும் என்று உற்சாகமாக எழுதிச் சென்ற அவர், அவை தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளத் தொடங்கி நிறுத்துவாரின்றிப் போனால் பூமியின் உயிர்ப்பரப்பு முழுவதையும் சாம்பல் நிறக் கூழாக மாற்றிவிடும் என்றும் ஓரிடத்தில் எச்சரித்தார். நூலின் நம்பிக்கைப் பக்கங்களை மறந்த உலகம் அந்த ஒரு கூழை மட்டும் மறக்கவில்லை. 2000-இல் பில் ஜாய் எழுதிய கட்டுரையிலும், 2002-இல் மைக்கேல் கிரைட்டன் எழுதிய நாவலிலும் அதுவே பூதமாக வளர்ந்தது.

அந்தப் பூதம் மெய்யாகவே எழக்கூடுமா? கார்பன் அணுக்கள் அறுபது கோத்த பந்தைக் கண்டறிந்ததற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ரிச்சர்டு ஸ்மாலி, எழாது என்று வாதிட்டார். அணுவைப் பிடித்து வைக்கும் விரலும் அணுக்களாலேயே ஆகவேண்டுமாதலின், அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை விரல்கள் கொள்ளா. பிடித்த அணு விரலில் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பதும் அரிது என்பது அவர் வாதம். டிரெக்ஸ்லரும் அவரும் 2003-இல் நிகழ்த்திய எழுத்துப்போர் காரசாரமானது. மறு ஆண்டே, நுண் உற்பத்திக்குத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் யந்திரம் தேவையே இல்லை என்று டிரெக்ஸ்லர் தாமே ஒரு கட்டுரையில் விளக்கினார். இவ்விஷயத்தில் நான் எச்சரிக்கையாளரைக் காட்டிலும் ஸ்மாலியின் பக்கமே சாய்கிறேன். ஓர் உயிர் பெருகுவதற்கு உணவும் சக்தியும் வேண்டும், பிறந்த உஷ்ணம் வெளியேற வழி வேண்டும்; 300 கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பெருகிவரும் பாக்டீரியாக்களே பூமியைக் கூழாக்கிவிடவில்லை.

ஆனால் லெம் கண்டது வேறு. சிற்றறிவுகூட இல்லாத பல துண்டுகள் சேர்ந்தால் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு பிறக்கும் என்பது கற்பனையன்று என்று காலம் மெய்ப்பித்துவிட்டது. அருகிலிருப்பவனை மோதாதே, அவன் செல்லும் திசையில் செல், கூட்டத்தை விட்டு விலகாதே என்னும் மூன்று விதிகளைக் கொண்டே கணினித் திரையில் பறவைக்கூட்டத்தைப் பறக்கவிட்டார் கிரெய்க் ரெனால்ட்ஸ், 1980-களில். 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராதிகா நாக்பாலும் அவர்தம் குழுவினரும் நாணயத்தளவான 1,024 ரோபோக்களை ஒரு மேசைமீது பரப்பி, தலைவன் என்று ஒன்றை நியமிக்காமலே, அவை தாமாக நகர்ந்து கேட்ட வடிவத்தில் நிற்கும்படி செய்து காட்டினர்.

குக்கையும் லெம்மையும் ஒப்பிட்டால் கலைவன்மையில் லெம்மே மேலானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரும்புக் காற்றின் உருமாற்றங்களை ஆட்டக்காரர்கள் விசித்திரக் காட்சியாக மட்டும் ரசித்துவிட்டுப் போகும் அபாயம் உண்டு. சோப்பில் பதிந்த பல்தடத்துக்கு அந்த அபாயம் இல்லை. எனினும் லெம்மிடம் இல்லாத ஒன்று குக்கிடம் இருக்கிறது. இப்பகுதியை எழுத என்னைத் தூண்டியதும் அதுதான். ரெஜிஸ் மூன்றுக்கு மனிதர் விருந்தாளிகளாகப் போனவர்கள். ஏறிச் செல்லக் கப்பல் இருந்தது. ஒன்பதாம் உலகத்தவருக்கோ அதுவே தாய்பூமி. அவர்கள் அங்கேதான் உழ வேண்டும், மணமுடிக்க வேண்டும், குழந்தை பெற வேண்டும். மேலும் புராதன மக்களின் புயலுக்குப் பின்னால் கோபங்கொண்ட ஒரு தேவன் இருந்தான். அவனுக்குப் பலியிடலாம், அவனிடம் மன்றாடலாம், தங்கள் பாவத்தை எண்ணி அழலாம். இரும்புக் காற்றிடம் மன்றாட முடியாது; அதற்குக் கோபமே இல்லை. வீடு கட்டவோ, புண் ஆற்றவோ, யுத்தத்துக்கோ, எதற்காக அது சிருஷ்டிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஏடு ஒன்றும் எஞ்சவில்லை. அக்காற்றை அவ்வளவு பயங்கரமாக்குவது அதன் ஆற்றல் என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. செய்தவனையும் செய்த நோக்கத்தையும் மறந்துவிட்டதனால்தான் ஒரு கருவி புயலாயிற்று.

இதை அவ்வுலகத்தாரும் ஒருவாறு உணர்ந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அங்கே 'உண்மைச் சங்கம்' என்று ஓர் அமைப்பு உண்டு. அம்பர் பாப்பரசரைத் தலைவராகக் கொண்ட அதன் உறுப்பினர்களை யுகக் குருமார் என்பர். பெயரும் கோலமும் மதத்தைச் சார்ந்தவையாயினும் அவர்கள் வணங்குவது கடவுளை அன்று, மறைந்துபோன அறிவை. மண்ணில் கிடைக்கும் சில்லுகளை வாங்கிச் சேர்த்து, இது எப்படி இயங்குகிறது, எதற்குப் பயன்படும் என்று ஆராய்ந்து, தெரிந்த அளவை ஊராருக்குச் சொல்லுகிறார்கள். புயலை எதிர்த்துப் படை திரட்டுவதைவிட இந்தக் குருமாரின் வேலையே எனக்குப் பெரிதாகப்படுகிறது. அறிவு அழிந்த காலத்தில் அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக் காக்கும் துறவிகள் என்னும் இந்தப் பாத்திரம் எதிர்காலக் கற்பனைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1959-இல் வால்டர் மில்லர் எழுதிய மடாலயக் கதையில் போய் நிற்போம். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணிபுரிந்த அவர், இத்தாலியில் மான்டி காசினோ மடம் தகர்க்கப்பட்ட தாக்குதலில் தாமே பங்கு கொண்டவர். அவருடைய வரலாற்றை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)